எத்தனையாவது ஆளாக நிற்கிறோம்? சாலைக் கடைத்தெருவிலிருந்து ஒரு வரிசையின் வரலாறு

இது சற்று நீண்ட பதிவு. திருவனந்தபுரத்துச் சாலைக் கடைத்தெருவின் பழைய வணிகக் கணக்குகளைப் படித்துவருகிறேன் என்பதை இப்பக்கத்தைத் தொடர்வோர் அறிவர். அந்தக் கணக்குகளுக்கும் கணினி வலையமைப்பில் பட்டையகலத்தைப் பங்கிடும் முறைக்கும் தொடர்பு இருக்கக்கூடும் என்று ஓராண்டுக்கு முன்பு எவரேனும் கூறியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். இப்போது நம்புகிறேன். அதற்கான காரணத்தை வரலாற்றுத் துறை மாணவர்க்கும் கணினித் துறை மாணவர்க்கும் ஒருங்கே விளங்கும்படி எழுத முயன்றிருக்கிறேன்.

1. கடையில் கேட்டது

கிழக்கேகோட்டையிலிருந்து கிள்ளிப்பாலம் நோக்கிச் செல்லும் சாலைக் கடைத்தெரு, 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் திருவிதாங்கூர்த் திவான் ராஜா கேசவதாஸ் காலத்தில் உருப்பெற்றது. தெற்கே நாஞ்சில் நாட்டிலிருந்தும் ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு அப்பாலிருந்தும் வந்த தமிழ் வணிகர்கள் இங்கே தலைமுறைகளாகக் கடை நடத்திவருகின்றனர். இத்தெருவிலேயே கடை வைத்திருந்த ஆ. மாதவன், இதன் மனிதர்களைத் தம் கடைத்தெருக் கதைகளில் நிலைபெறச் செய்தார். தெருவின் அகலம் அன்றைய தேவைக்கு வகுத்தது. இன்று அதே அகலத்தில் சுமையுந்து, தள்ளுவண்டி, தலைச்சுமைத் தொழிலாளி, ஆட்டோ, பூக்கூடை, நடந்து செல்வோர் என எல்லாரும் வழி கேட்கின்றனர்.

பேரேடுகளைப் படிக்கத் தந்த முதிய வணிகர் ஒருவரிடம், அதிலிருந்த 'டிரங்க் செலவு' என்ற பத்தியைப் பற்றிக் கேட்டேன். வெளியூர்ச் சந்தைகளில் விலை விசாரிப்பதற்காக முன்பதிவு செய்து பேசிய தொலைபேசி அழைப்புகளின் கட்டணம் அது.

"ஆர்டினரி போட்டா சாயங்காலம் வரும், இல்ல மறுநாள் வரும். அர்ஜென்ட் போட்டா கொஞ்சம் முன்னால. லைட்னிங் போட்டா ஒடனே. காத்திருக்கது ஒண்ணும் பெரிசில்ல தம்பி. எத்தனை பேருக்குப் பொறத்தால நிக்கோம்னு தெரியாம காத்திருக்கதுதான் பெரிசு" என்றார்.

"யாரும் சொல்லமாட்டாங்களா, அண்ணாச்சி?"

"எக்ஸ்சேஞ்சுல இருக்கவுகளுக்குத் தெரியும். நமக்கு எப்படித் தெரியும்?"

ஒரு கம்பியில் ஒரு நேரத்தில் ஓரளவே செல்ல இயலும். கேட்போர் அதனினும் மிகுதி. ஆகவே எவரேனும் காத்திருக்க வேண்டும். காத்திருப்போரை வகுப்புகளாகப் பிரிப்பதும் தவிர்க்க இயலாததே. ஆனால் அந்தப் பிரிவினையின் விதியைக் காத்திருப்பவரிடம் சொல்ல இயலுமா என்பது வேறொரு கேள்வி. தொடர்புச் சாதனங்களின் வரலாற்றை இந்த ஒரு கேள்வியோடு படித்துப் பார்க்கலாம் என்பதே இப்பதிவின் கருத்து.

2. மணி கட்டிய கோல்

திருவிதாங்கூருக்குத் தனக்கென ஓர் அஞ்சல் துறை இருந்தது. 1951இல் இந்திய அஞ்சல் துறையோடு இணைக்கப்படும்வரை அது இயங்கியது. தொடக்கத்தில் அரசுப் பணிக்கென ஏற்பட்ட அது, 19ஆம் நூற்றாண்டில் பொதுமக்களின் கடிதங்களுக்கும் திறந்துவிடப்பட்டது. அதன் ஓட்டக்காரர் கையில் மணி கட்டிய கோல் ஒன்று இருக்கும். மணியோசை கேட்டால் வழியில் செல்வோர் ஒதுங்கி இடம்விட வேண்டும்.

வலையமைப்பு மொழியில் இது 'கண்டிப்பான முன்னுரிமை'. உயர்ந்த வகுப்பு வந்துவிட்டால் மற்ற அனைத்தும் நின்றுவிடும். இம்முறையின் ஆபத்தைக் கணினியியலாளர் 'பட்டினி' என்ற சொல்லாலேயே குறிக்கின்றனர். உயர்ந்த வகுப்பு ஓயாது வந்துகொண்டேயிருந்தால் தாழ்ந்த வகுப்புக்கு முறையே வராது. அஞ்சலோட்டத்தில் அந்த ஆபத்து எழவில்லை. ஓட்டக்காரர் சிலரே, அவர் கடந்து செல்ல ஆகும் நேரமும் சிறிது. மேலும், ஒதுங்குபவர் தாம் எதற்காக ஒதுங்குகிறோம் என்பதை மணியோசையால் அறிந்துகொண்டார். விதி ஓசையோடு வந்தது.

3. மூன்று விலைகள்

தந்தி வந்தபோது நிலைமை மாறியது. இந்தியாவில் 1855இல் தந்தி பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. கம்பி ஒன்று, அதில் அரசுச் செய்தியும் வணிகர் செய்தியும் குடும்பச் செய்தியும் ஒன்றன்பின் ஒன்றாகவே செல்ல இயலும். அரசுச் செய்திகளுக்கு முதலிடம். அவற்றுள்ளும், எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு 'கம்பியைக் காலி செய்' என்ற குறிப்போடு செல்லும் செய்திகளுக்கு அனைத்திலும் முதலிடம். 1880களில் பொதுமக்களின் தந்திகளும் அவசரம், சாதாரணம், தாமதம் என மூன்றாக வகுக்கப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு கட்டணம் விதிக்கப்பட்டது. பிற்காலத்தில் இது சாதாரணம், எக்ஸ்பிரஸ் என இரண்டாகச் சுருங்கியது. 2013 ஜூலையில் இந்தியாவில் தந்திச் சேவை நிறுத்தப்பட்டது.

'தாமதம்' என்ற வகுப்பு கருதத்தக்கது. பகல் முழுவதும் நெரிசலாயிருக்கும் கம்பி இரவில் வெறுமனே கிடக்கும். விரைவு தேவையில்லாத செய்தியைக் குறைந்த விலைக்கு ஏற்று, கம்பி ஓய்ந்திருக்கும் வேளையில் அனுப்பிவிடலாம். பயன்படாத திறனைப் பொறுத்திருப்பவருக்குக் கொடுப்பது என்னும் எண்ணம் இங்கே தெளிவாகத் தோன்றிவிட்டது. இன்றைய வலையமைப்பு நிர்வாகி பெருங்கோப்புப் பிரதிகளை நள்ளிரவுக்கு ஒதுக்குவதும் இதே கணக்குதான்.

விலைப்பட்டியல் அலுவலகச் சுவரில் இருந்ததால் தந்தியின் விதி ஓரளவு வெளிப்படையானது. ஆனால் தேவையை அளக்கும் கோல் பணமாயிற்று. விலைச் சரிவை முன்கூட்டியே அறிய விரும்பும் வணிகரின் அவசரமும், பணமில்லாதவர் வீட்டு அவசரமும் ஒரே கோலால் அளக்கப்பட்டன. மரணச் செய்திக்குத் தனி முன்னுரிமை அளிக்கும் வழக்கம் இருந்ததே, அந்தக் கோல் போதாது என்பதைத் தந்தித் துறையும் உணர்ந்திருந்ததற்குச் சான்று.

4. மின்னல் அழைப்பு

டிரங்க் அழைப்பில் அந்த விலைப்பட்டியலோடு இருட்டும் சேர்ந்துகொண்டது. அழைப்பைப் பதிவு செய்தவுடன் அது இணைப்பகத்தில் ஒரு சீட்டாக மாறும். அர்ஜென்ட் சீட்டுக்குச் சாதாரணத்தைப்போல் இருமடங்கு கட்டணம். லைட்னிங்குக்கு அதனினும் பன்மடங்கு. சீட்டுகள் எந்த ஒழுங்கில் எடுக்கப்படுகின்றன என்பதை இயக்குபவரும் மேற்பார்வையாளரும் மட்டுமே அறிவர். இப்புறம் இருப்பவர் கருவியின் அருகிலேயே அமர்ந்திருக்க வேண்டும்; எழுந்து சென்றால் முறை போய்விடும்.

நான் படித்த பேரேடுகளில் ஒன்றைக் கண்டேன். பண்டிகைக்கு முந்தைய வாரங்களில் சாதாரண அழைப்புகள் அருகி, அர்ஜென்ட் பதிவுகள் பெருகுகின்றன. ஒரு கடையின் கணக்கை வைத்துப் பொதுவிதி கூற இயலாது. எனினும் இதன் தர்க்கம் எளிது. எல்லாரும் அர்ஜென்ட் கேட்கும் நாளில் அர்ஜென்ட்டே சாதாரணமாகிவிடும். கூடுதல் பணம் செலவாகும், வரிசையோ நகராது. கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் பணியாற்றிய ஏ. கே. எர்லாங், 1909 முதல் வெளியிட்ட கட்டுரைகளில், எத்தனை அழைப்புக்கு எத்தனை கம்பி தேவை என்பதைக் கணிதமாக்கினார். அந்தக் கணிதம் உணர்த்துவது இதுவே: வகுப்புப் பிரிப்பதால் கம்பியின் திறன் வளர்வதில்லை, காத்திருப்பு ஒருவர் தோளிலிருந்து மற்றொருவர் தோளுக்கு மாறுகிறது.

1960 நவம்பரில் கான்பூருக்கும் லக்னோவுக்கும் இடையே நேரடி எஸ்.டி.டி. தொடங்கியது. அது பரவப் பரவ இணைப்பகத்துச் சீட்டு மறைந்தது. இரவில் கால் கட்டணம் என்ற சலுகை வந்தபின் வரிசை இணைப்பகத்தைவிட்டு எஸ்.டி.டி. கூண்டின் வாசலுக்கு இடம்பெயர்ந்தது. ஆனால் அங்கே தமக்கு முன்னால் நிற்பவர்களை ஒவ்வொருவரும் கண்ணால் எண்ண முடிந்தது.

5. பொட்டலத்தின் மேலுறையில் மூன்று பிட்

தொலைபேசிக் கம்பியை ஓர் அழைப்பு முழுமையாகப் பிடித்துக்கொள்ளும். இணையம் அவ்வாறு இயங்குவதில்லை. செய்தி சிறு பொட்டலங்களாக உடைக்கப்படுகிறது. ஒவ்வொரு பொட்டலமும் தன் முகவரியைச் சுமந்து செல்கிறது. வழியிலுள்ள திசைவிகளில் எல்லாருடைய பொட்டலங்களும் ஒரே வரிசையில் கலந்து நிற்கின்றன.

1981 செப்டம்பரில் வெளிவந்த இணைய நெறிமுறை ஆவணமான ஆர்.எஃப்.சி. 791, பொட்டலத்தின் மேலுறையில் முன்னுரிமைக்கென மூன்று பிட் ஒதுக்கியது. அதன் எட்டு நிலைகளின் பெயர்களைத் தமிழாக்கிப் பாருங்கள்: வழக்கமானது, முன்னுரிமை, உடனடி, மின்வெட்டு, மின்வெட்டையும் மீறியது என அவை ஏறிச்செல்கின்றன. இப்பெயர்கள் அமெரிக்க இராணுவத்தின் செய்தித்தொடர்பு முறையிலிருந்து வந்தவை. சாலை வணிகரின் 'லைட்னிங்' அழைப்பும் இணையப் பொட்டலத்தின் 'ஃபிளாஷ்' நிலையும் ஒரே குடும்பத்துச் சொற்கள். தந்திக் காலத்து வகுப்புமுறை இவ்வாறு இணையத்தின் உடலுக்குள் குடியேறியது.

எனினும் பொது இணையத்தில் அந்த மூன்று பிட்கள் பெரும்பாலும் மதிக்கப்படவில்லை. இராணுவத்தில் 'மின்வெட்டு' என்று குறித்து அனுப்பத் தகுதியுடையவர் யார் என்பதற்கு விதி உண்டு. பொது இணையத்தில் எவரும் தம் பொட்டலத்தின்மேல் எதையும் எழுதிக்கொள்ளலாம். அனுப்புபவர் தாமே எழுதிக்கொண்ட அவசரத்தை அடுத்தவரின் திசைவி நம்ப வேண்டிய கட்டாயமில்லை. 1998 டிசம்பரில் 'வேறுபடுத்திய சேவை' முறை அந்த இடத்தை ஆறு பிட்டாக மாற்றி வகுத்தபோது, ஒவ்வொரு வலையமைப்பும் தன் எல்லையில் குறிகளைச் சரிபார்த்துத் தேவையானால் மாற்றி எழுதும் என்பதையும் சேர்த்தே வகுத்தது.

6. சொல்லப்படாத சலுகையும் சொல்லத்தக்க விதியும்

1986 அக்டோபரில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் இடையே, ஏறத்தாழ 400 கெஜத் தொலைவில், நொடிக்கு 32,000 பிட் சென்றுகொண்டிருந்த தரவு 40 பிட்டாக வீழ்ந்தது. நெரிசலில் இழந்ததைக் கணினிகள் மீண்டும் மீண்டும் அனுப்பியதால் நெரிசல் மேலும் பெருகியது. இதை ஆராய்ந்த வான் ஜேக்கப்சன், 1988இல் வெளியிட்ட கட்டுரையில், அனுப்பும் கணினி நெரிசலை உணர்ந்து தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும் முறையை வகுத்தார்.

அதே காலத்தில் அமெரிக்க அறிவியல் அறக்கட்டளையின் முதுகெலும்பு வலையமைப்பு நொடிக்கு 56 கிலோபிட் இணைப்புகளில் திணறியது. தொலைவிலுள்ள கணினியில் எழுத்தெழுத்தாகத் தட்டிக்கொண்டிருப்பவர் பெருங்கோப்பு இறக்குவோரால் தவித்தார். நிர்வகித்தவர்கள் உரையாடல் வகைப் போக்குவரத்துக்கு முன்னுரிமை அளித்தனர். அதைப் பயனர்க்கு அறிவிக்கவில்லை. அறிவித்தால் கோப்பு இறக்குவோரும் தம் பொட்டலங்களுக்கு உரையாடல் வேடம் இட்டுவிடுவர் என்பதே காரணம்.

இந்த நிகழ்வு என் கருத்துக்கு எதிரான வலுவான சான்று. ஆகவே இதைத் தாண்டிச் செல்ல விரும்பவில்லை. இங்கே மறைத்ததால் எளியவர் காக்கப்பட்டார். வெளிப்படுத்தியிருந்தால் விதி கெட்டிருக்கும். அப்படியானால் வெளிப்படைத்தன்மை எப்போதும் நன்மையே என்று எவ்வாறு கூறுவது?

விடை வேறொரு திசையிலிருந்து வந்தது. 1985இல் ஜான் நேகிள், எல்லாரையும் ஒரே வரிசையில் நிறுத்தாமல் ஒவ்வொருவருக்கும் தனி வரிசை அமைத்து முறைவைத்து எடுக்கலாம் என்றார். 1989இல் ஆலன் டெமர்ஸ், ஸ்ரீநிவாசன் கேசவ், ஸ்காட் ஷென்கர் மூவரும் 'நியாய வரிசை' முறையைத் துல்லியப்படுத்தினர். கேசவ் டெல்லி ஐ.ஐ.டி.யில் பயின்றவர். பொட்டலங்களின் எண்ணிக்கையைப் பாராமல் அவற்றின் அளவைப் பார்த்துப் பங்கிடுவதால், பெரிய பொட்டலம் அனுப்புபவர் கூடுதல் பங்கு பெறுவதில்லை. ஒருவர் அளவுக்கு மீறிக் கொட்டினால் அவருடைய வரிசையே நீளும். அடுத்தவர் பங்கு குறையாது. ஆகவே பொய் வேடத்தால் கிட்டும் ஆதாயம் பெரிதும் குறைகிறது. விதியை அறிந்தவருக்கும் அறியாதவருக்கும் ஏறத்தாழ ஒரே பலன். இந்த விதியைச் சுவரில் எழுதி ஒட்டினாலும் அது கெடாது.

அந்த முறையை விரைவான திசைவிகளில் இயக்குவது கடினமாயிருந்தது. 1995இல் எம். ஸ்ரீதரும் ஜார்ஜ் வர்கீஸும் 'பற்றாக்குறைச் சுற்று' என்னும் எளிய முறையைத் தந்தனர். கடைத்தெருப் பற்றுவரவு அறிந்தவர்க்கு இது உடனே விளங்கும். ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொரு வரிசைக்கும் ஓர் அளவு வரவு வைக்கப்படும். முன்னால் நிற்கும் பொட்டலம் அந்த வரவுக்குள் அடங்கினால் செல்லும். அடங்காவிட்டால் மீதி அடுத்த சுற்றுக்குக் கணக்கில் ஏறும். எவர் பங்கும் அழிவதில்லை, தள்ளிப்போகிறது, அவ்வளவே.

அந்த அமெரிக்க முதுகெலும்பில் மறைவு தேவைப்பட்டதற்குக் காரணம் விதியின் பலவீனம். விதி வலுப்பெற்றபின் மறைவு தேவைப்படவில்லை.

7. அமைப்பதும் அளப்பதும்

1995இல் சாலி ஃபிளாய்டும் வான் ஜேக்கப்சனும் வகுப்புவாரிப் பங்கீட்டின் கோட்பாட்டை வெளியிட்டனர். லினக்ஸில் மார்ட்டின் டெவெரா எழுதிய எச்.டி.பி. என்னும் படிநிலை முறை அதனைப் பரவலாக்கியது. கணினித்துறை சாராதவர்க்காக ஒரு கற்பனை எடுத்துக்காட்டு.

ஒரு கல்வி நிறுவனத்துக்கு நொடிக்கு 100 மெகாபிட் இணைப்பு உள்ளது. முதல் விதி: 100 என்று எழுதாமல் 95 என்று எழுத வேண்டும். இணைப்பை முழுமையாக நிரப்பினால் வரிசை சேவையளிப்போரின் கருவியில் உருவாகும். நம் விதி அங்கே செல்லாது. சிறிது குறைத்தால் வரிசை நம் வாசலில் நிற்கும். அந்த 95ஐ வகுப்பறைக் காணொளிக்கு 40, ஆய்வுக்கும் நூலகத்துக்கும் 30, நிர்வாகத்துக்கு 15, ஏனையவற்றுக்கு 10 எனப் பிரிக்கலாம். இவை உறுதியளித்த பங்குகள். கூட்டுத்தொகை மொத்தத்தை மீறலாகாது. அடுத்து ஒவ்வொரு வகுப்புக்கும் உச்சவரம்பு. எல்லார்க்கும் உச்சவரம்பை 95 என வைத்தால், ஒருவர் பயன்படுத்தாத பங்கை மற்றவர் கடன் வாங்கலாம். உரியவர் திரும்பியதும் கடன் தானே அடைந்துவிடும். உச்சவரம்பையும் 10 என்றே வைத்தால் மற்ற வகுப்புகள் உறங்கும் வேளையிலும் ஏனையோர் 10க்குள் நெரிபட வேண்டும்.

அமைத்ததோடு வேலை முடிவதில்லை. ஒவ்வொரு வகுப்புக்கும் அமைப்பு கணக்கெண்களை வைத்திருக்கும்: சென்ற பைட்கள், கைவிடப்பட்ட பொட்டலங்கள், தேங்கியவை, கடன் வாங்கியவை. இவற்றைச் சேர்த்துப் படிக்க வேண்டும். ஒரு வகுப்பில் கைவிடல் மிகுந்து, அதே நேரத்தில் மற்றொன்று காலியாயிருந்தால் உச்சவரம்பில் பிழை. கடன் ஓயாது நடந்தால் உறுதிப்பங்கு போதவில்லை. கைவிடலின்றித் தேக்கம் மட்டும் நிலையாக நின்றால் தேக்கிடம் அளவுக்கு மீறிப் பெரிது; பொட்டலம் தொலையாமல் தாமதத்திலேயே கெடுகிறது. இந்நோய்க்குக் கேத்லீன் நிக்கல்ஸும் ஜேக்கப்சனும் 2012இல் தந்த மருந்து, வரிசையின் நீளத்தைப் பாராமல் பொட்டலம் காத்திருந்த நேரத்தைப் பார்ப்பது. ஒரு வகுப்பின் எண் எப்போதும் சுழியமாயிருந்தால், பிரித்தறியும் விதியே தவறு. அந்த வகுப்புக்குரிய பொட்டலங்கள் எல்லாம் 'ஏனையவை'யில் விழுந்துகொண்டிருக்கின்றன.

கண்காணிப்பின் வரலாற்றில் ஓர் அழகிய நிகழ்வு உண்டு. 1994இல் இங்கிலாந்தின் டி மான்ட்ஃபோர்ட் பல்கலைக்கழகம் முழுவதும் 64 கிலோபிட் இணைப்பு ஒன்றையே வெளியுலகுக்கு நம்பியிருந்தது. அந்த இணைப்பு எப்படி இருக்கிறது என்பதை அறிய எல்லாரும் விரும்பினர். அங்கே பணியாற்றிய டோபியாஸ் ஊட்டிகர், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அளந்து வரைபடமாக்கி வலைப்பக்கத்தில் காட்டும் எம்.ஆர்.டி.ஜி. என்ற நிரலை எழுதினார். 1995இல் அது உலகுக்குக் கிடைத்தது. பயன்படுத்துவோர் அனைவரும் பார்ப்பதற்கென்றே அந்த வரைபடம் பிறந்தது. பின்னாளில் அத்தகைய வரைபடங்கள் பல நிறுவனங்களில் நிர்வாகி அறையின் கடவுச்சொல்லுக்குள் அடைபட்டன.

8. நம் நாட்டு வரிசை

அந்தப் பல்கலைக்கழகத்தின் 64 கிலோபிட் நமக்கு அந்நியமான எண்ணன்று. 1986இல் தொடங்கிய எர்நெட் திட்டத்தின்வழி ஐ.ஐ.டி.கள், பெங்களூரு இந்திய அறிவியல் கழகம், மும்பையின் தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையம் முதலியன இணைந்தன. 1992 வாக்கில் அவற்றிடையே ஓடியவை 9.6 கிலோபிட் குத்தகைக் கம்பிகள்; வெளியுலகுக்கான வாயில் 64 கிலோபிட். 1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்தபோது வகுப்புமுறையும் உடன் வந்தது. எழுத்து மட்டும் தோன்றும் 'ஷெல்' கணக்கு மாணவர்க்குக் குறைந்த விலையில்; படங்களும் தோன்றும் கணக்கு மிகுந்த விலையில்.

2015இல் கேள்வி நாடு முழுவதற்குமானது. சில தளங்களை மட்டும் இலவசமாகவோ விரைவாகவோ தரலாமா? தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் கருத்துக்கேட்புக்குப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மின்னஞ்சல்கள் சென்றன. 2016 பிப்ரவரி 8 அன்று, உள்ளடக்கத்தைப் பொறுத்துக் கட்டணத்தை வேறுபடுத்துவது தடைசெய்யப்பட்டது. 2017 நவம்பரில் ஆணையம் அளித்த பரிந்துரைகளை அரசு 2018இல் ஏற்றது. தடுத்தல், வேகங்குறைத்தல், விருப்பத்துக்குரியோர்க்கு விரைவுவழி தருதல் ஆகியவை கூடா. நியாயமான போக்குவரத்து மேலாண்மை செய்யலாம். ஆனால் அது தேவைக்கேற்ற அளவிலும், தற்காலிகமாகவும், வெளிப்படையாகவும் இருக்க வேண்டும். வகுப்பே கூடாது என்று இந்திய விதி கூறவில்லை. வகுத்தால் சொல்ல வேண்டும் என்கிறது.

கேரளத்தில் இக்கேள்விக்குக் கூடுதல் கனம் உண்டு. 2019 செப்டம்பரில், விடுதியில் கைப்பேசிக் கட்டுப்பாட்டை எதிர்த்த கல்லூரி மாணவி ஒருவரின் வழக்கில், இணைய அணுக்கம் கல்வியுரிமையோடும் அந்தரங்க உரிமையோடும் பிணைந்தது என்று கேரள உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023 ஜூனில் மாநில அரசு தன் சொந்த ஒளியிழை வலையமைப்பான கேஃபோனைத் தொடங்கியது. ஏழைக் குடும்பங்களுக்குக் கட்டணமில்லா இணைப்பு அதன் அறிவித்த குறிக்கோள்களுள் ஒன்று.

9. விடுதியில் நிகழ்ந்தது

தேசிய விதிகள் சேவையளிப்போரைக் கட்டுப்படுத்தும். ஒரு நிறுவனத்தின் உள்வலையமைப்புக்கு அவை எட்டுவதில்லை. நான் தங்கியிருந்த ஓர் ஆய்வு விடுதியில் இதை அனுபவித்தேன்.

அண்ணாச்சியின் பேரேடுகளைப் படமெடுத்து ஆவணக் காப்பகம் ஒன்றுக்கு அனுப்ப வேண்டியிருந்தது. பகலில் பாதியில் அறுந்தது, நள்ளிரவிலும் அறுந்தது. என் கணினியைக் குறை கூறினேன். பிறகு காப்பகத்தைக் குறை கூறினேன். பல வாரங்களுக்குப் பின், கணினித்துறை நண்பர் ஒருவர் நிர்வாகியிடம் வேண்டி வகுப்புக் கணக்கெண்களைப் பெற்றுத் தந்தார். ஆய்வு வகுப்பைப் பிரித்தறியும் விதி நூலகக் கட்டடத்தின் முகவரிகளை மட்டுமே அறிந்திருந்தது. விடுதியிலிருந்து செல்லும் அனைத்தும், ஆய்வானாலும் திரைப்படமானாலும், 'ஏனையவை'. அந்த வகுப்பின் உச்சவரம்பு அதன் உறுதிப்பங்குக்குச் சமம். கடன் வாங்க வழியில்லை. நள்ளிரவில் ஆய்வு வகுப்பு காலியாய்க் கிடக்க, எங்கள் வரிசை பொட்டலங்களைக் கைவிட்டுக்கொண்டிருந்தது.

எவர்க்கும் தீய நோக்கம் இல்லை. எப்போதோ ஒருவர் அவசரத்தில் எழுதிய விதி அது. எழுதியவர் மாறிச் சென்றுவிட்டார். எங்களுக்கு அப்படி ஒரு வரிசை இருப்பதே தெரியாததால் எவரும் கேட்கவில்லை. கேட்டபின் மாற்ற ஒரு பிற்பகல் போதுமாயிருந்தது. உச்சவரம்பு உயர்த்தப்பட்டது, வகுப்புகளின் பட்டியலும் நாளாந்த வரைபடமும் விடுதியின் உள்பக்கத்தில் இடப்பட்டன. அதன்பின் வேகம் குறைந்த மாலைகள் இல்லாமற் போகவில்லை. ஆனால் ஏன் குறைகிறது என்பதைப் பார்த்து, அவரவர் பெரிய பதிவிறக்கங்களைப் பின்னிரவுக்குத் தள்ளிக்கொண்டனர். தந்திக் காலத்துத் 'தாமத' வகுப்பை மாணவர்கள் கட்டளையின்றித் தாமே மீட்டெடுத்தனர் என்று எனக்குத் தோன்றியது.

10. ஓடுதளத்தைக் கடக்கும் ஊர்வலம்

திருவனந்தபுரத்து வாசகர்க்கு நன்கறிந்த ஒரு காட்சியோடு முடிக்கிறேன். ஆண்டுக்கு இருமுறை, பங்குனி, ஐப்பசி ஆராட்டு நாள்களில், பத்மநாபசுவாமி கோயில் ஊர்வலம் விமான நிலையத்தின் ஓடுதளத்தைக் கடந்து சங்குமுகம் கடற்கரைக்குச் செல்கிறது. 1932இல் நிலையம் தோன்றுவதற்கு முன்பே இருந்த பாதை அது. சில மணி நேரம் விமானங்கள் நிறுத்தப்படுகின்றன. கண்டிப்பான முன்னுரிமைக்கு இதைவிடப் பெரிய உதாரணம் காண்பதரிது. ஆனால் வானோடிகளுக்கான முறையான அறிவிப்பு முன்கூட்டியே வெளியாகிறது; தொடக்கமும் முடிவும் அதில் உண்டு; நிறுவனங்கள் தம் நேரங்களை மாற்றி அமைத்துக்கொள்கின்றன. அஞ்சலோட்டக்காரரின் மணி இங்கே அறிவிப்பாக ஒலிக்கிறது.

ஆகவே, வலையமைப்பை வகுப்புகளாகப் பிரிக்கும் பொறுப்பிலிருக்கும் நண்பர்களிடம் மூன்று கேள்விகளை வைக்கிறேன். நீங்கள் அமைத்த வகுப்புகளின் பட்டியலை அவற்றுள் அடங்கியவர்கள் படிக்க இயலுமா? கடைசி வகுப்புக்கும் ஓர் உறுதிப்பங்கும் கடன் வாங்கும் வழியும் உண்டா? கைவிடப்பட்ட பொட்டலங்களின் கணக்கைக் கைவிடப்பட்டவர்கள் பார்க்க இயலுமா?

சென்ற வாரம் படங்கள் அனைத்தும் காப்பகத்தில் ஏறிவிட்டன என்று அண்ணாச்சியிடம் தெரிவித்தேன். இத்தனை காலம் ஏன் ஆயிற்று என்று கேட்டார். வரிசையில் நின்றேன் என்றேன். "எத்தனையாவது ஆளா?" என்று கேட்டுச் சிரித்தார்.

டிரங்க் அழைப்புப் பதிவுச் சீட்டுகள், பழைய தந்தி விலைப்பட்டியல்கள், இணைப்பகப் பணி நினைவுகள் எவரிடமேனும் இருந்தால் எழுதுங்கள். பிழைகள் கண்டால் சுட்டிக்காட்டுங்கள். இயலைத் திருத்த இன்னும் காலம் இருக்கிறது.